கனவு போன்ற புகைப்படம் எங்கே பிறக்கிறது?

துணிக்கடை விளம்பரத்தைப் பார்க்காமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. சாலையோரத்துப் பெரிய பலகையிலும், வார இதழின் பின்னட்டையிலும், இன்று உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசித் திரையிலும் புத்தாடை அணிந்த பெண் ஒருத்தி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். சேலையின் கரை தெரிய வேண்டும், முந்தானையின் வேலைப்பாடு தெரிய வேண்டும், கடையின் பெயர் தெரிய வேண்டும். அந்தப் பெண் யார், என்ன நினைக்கிறாள் என்று எவரும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், துணி மாட்டும் கொக்கி செய்யும் வேலையைத்தான் அவள் அங்கே செய்துகொண்டிருக்கிறாள்.

இதற்கு முற்றிலும் வேறான உடைப்படங்களும் உண்டு. அவற்றிலும் அழகிய ஆடை இருக்கும். ஆனால் பார்ப்பவரின் மனத்தில் எழும் கேள்வி, "இது என்ன விலை?" என்பதன்று. "இவள் யாருக்காகக் காத்திருக்கிறாள்? கண்ணாடியில் எதைக் கண்டு திகைத்தாள்? இந்தப் பாழடைந்த மாளிகைக்கு எப்படி வந்தாள்?" என்றே மனம் கேட்கும். கனவில் நடப்பதைப் போல இடமும் காலமும் சற்றே கலங்கியிருக்கும். கதையின் நடுப்பக்கம் ஒன்று மட்டும் காற்றில் பறந்து வந்து நம் மடியில் விழுந்தது போலிருக்கும்.

இத்தகைய படங்களை எடுப்பதற்குப் பெரிய ஸ்டூடியோவும் விலையுயர்ந்த ஆடைகளும் வெளிநாட்டுப் பயணமும் வேண்டும் என்று நம் மாணவியர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை என்பதைப் புகைப்பட வரலாறே காட்டுகிறது. அந்த வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டுவோம். அதிலே முதற்பக்கத்தில் நிற்பவர் பல பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய்.

ஐந்தாம் எண் வீட்டு மாடி

கிளெமென்டினா 1822ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அருகே பிறந்தார். தந்தை கடற்படைத் தளபதி. தாய் ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி. 1845இல் திருமணம் ஆயிற்று. கணவர் 1856இல் ஹாவார்டன் பிரபு என்ற பட்டத்துக்கு உரியவரானார். அதுமுதல் இவரும் ஹாவார்டன் சீமாட்டி எனப்பட்டார். அயர்லாந்தில் டண்ட்ரம் என்னும் ஊரிலிருந்த குடும்பப் பண்ணையில் 1857ஆம் ஆண்டு வாக்கில் படமெடுக்கத் தொடங்கினார். 1859இல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. தென் கென்சிங்டன் பகுதியில், பிரின்சஸ் கார்டன்ஸ் என்ற சதுக்கத்தில் 5ஆம் எண் வீடு. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற இந்தத் தாய்க்கு எட்டுப் பேர் வளர்ந்து நின்றனர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்மக்கள்.

அந்த வீட்டின் முதல் மாடி அறைகளே அவருடைய ஸ்டூடியோ. அறையில் என்ன இருந்தது? சுவரில் நட்சத்திரப் பூக்கள் தெளித்தாற்போன்ற காகிதம் ஒட்டியிருந்தார்கள். உயரமான ஜன்னல்கள் மாடி முகப்பை நோக்கித் திறந்தன. அதற்கப்பால் சதுக்கத்தின் எதிர்ப்புறத்து வீடுகள் பனியில் கரைந்தவை போல மங்கலாகத் தெரியும். ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று, எழுதும் மேசை ஒன்று, மறைப்புத் தட்டி ஒன்று, ஒரு நாற்காலி. பெரும்பாலும் இவ்வளவுதான். படத்துக்குப் படம் இதே பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் முன்னே நிற்பவர்களும் மாறுவதில்லை. மூத்த மகள் இசபெல்லா கிரேஸ், அடுத்து தாயின் பெயரையே கொண்ட கிளெமென்டினா, பிறகு புளோரன்ஸ் எலிசபெத்.

ஆனால் படங்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை! ஒன்றில் நடன விருந்துக்கான பட்டாடை உடுத்திய பெண், ஜன்னல் கதவில் சாய்ந்து வெளியே பார்க்கிறாள். விருந்துக்குப் போகப்போகிறாளா, போய் வந்து களைத்து நிற்கிறாளா? மற்றொன்றில் தங்கை குதிரையேறும் வீரனைப்போல் ஆண் உடை தரித்து, அக்காவின் முன் நிற்கிறாள். நாடகம் ஒன்றின் நடுக்காட்சி அது. இன்னொன்றில் பெண் நமக்கு முதுகு காட்டியிருக்கிறாள். அவள் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே காண்கிறோம். கண்ணாடியில் தெரியும் முகம், இங்கே நிற்கும் உருவத்தைவிடச் சற்று மூத்ததுபோல், வேறொருத்தியுடையதுபோல் தோன்றுகிறது. ஒரே அறை, ஒரே பெண், ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவே. இந்தப் படத்தின் முன் வெகுநேரம் நிற்கத் தோன்றும்.

இவை எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை அறிந்தால்தான் இவற்றின் அருமை புரியும். அந்நாளில் புழங்கியது ஈரத் தகட்டு முறை. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து மூலை முடுக்கெல்லாம் பரவச் செய்ய வேண்டும். பின்பு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்த வேண்டும். தகடு உலர்வதற்குள் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, மீண்டும் இருட்டறைக்கு ஓடி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். வேதியியல் கூடத்தில் வெள்ளி நைட்ரேட் விரலில் பட்ட மாணவியர் அறிவர், அந்தக் கறுப்புக் கறை எத்தனை சோப்புக்கும் மசியாது. பிரபுவின் மனைவி அத்தகைய கறைபடிந்த விரல்களோடுதான் விருந்தினரை வரவேற்றிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டாகிறது.

இந்த முறையில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பும் மஞ்சளும் படத்தில் கறுத்துவிடும்; நீலமோ வெளுத்துவிடும். ஆகவே ஆடையின் நிறத்தை நம்பிப் பயனில்லை. பட்டின் பளபளப்பு, மஸ்லினின் மென்மை, லேஸின் கண்கள், மடிப்பில் விழும் நிழல் ஆகியவையே படத்தில் பேசும். ஹாவார்டன் சீமாட்டி தம் மக்களின் ஆடைகளை இந்தக் கண்கொண்டே தேர்ந்திருக்கிறார். நிறம் போனபின் ஆடையில் எஞ்சுவது எதுவோ அதுவே அவருக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது, படம் பதியப் பல விநாடிகள் ஆகும். அதுவரை அசையாமல் நிற்பது கடினம். எனவே சுவரில் சாய்வார்கள், மேசையில் கை ஊன்றுவார்கள், கன்னத்தைக் கையில் தாங்குவார்கள். சாய்ந்து நிற்பவள் ஏதோ சிந்திக்கிறாள் என்று நம் கண் எண்ணிக்கொள்கிறது. கருவியின் குறையிலிருந்தே அந்தக் கனவுநிலை பிறந்தது. குறையை மறைக்க முயலாமல் அதையே கதையாக்கியது அவருடைய கலை.

1863ஆம் ஆண்டு லண்டன் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சியில் படங்களை வைத்தார். அவ்வாண்டும் மறு ஆண்டும் வெள்ளிப் பதக்கங்கள் கிடைத்தன. சங்கத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். படங்களுக்குக் கதைத் தலைப்பு எதுவும் அவர் கொடுக்கவில்லை. 'வாழ்விலிருந்து வரைந்த ஆய்வுகள்' என்பது போன்ற பொதுப் பெயர்களையே இட்டார். கதை பார்ப்பவர்க்கு உரியது என்று விட்டுவிட்டார் போலும். 1864இல் பெண்களுக்கான ஓவியப் பள்ளிக்கு நிதி திரட்ட நடந்த விழாவில் அவருடைய படங்கள் விற்பனைக்கு வந்தன. 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயி கரோல் அங்கே சில படங்களை விலைக்கு வாங்கினார். கனவுக் கதை எழுதியவருக்குக் கனவுப் படங்கள் பிடித்ததில் வியப்பில்லை.

1865 ஜனவரியில் நிமோனியா கண்டு ஹாவார்டன் சீமாட்டி மறைந்தார். வயது 42. படமெடுத்த காலம் ஏழெட்டு ஆண்டுகளே. படங்கள் குடும்ப ஆல்பங்களில் உறங்கின. 1939இல் அவருடைய பேத்தி, 775 படங்களை லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். ஆல்பத்திலிருந்து கிழித்தெடுத்தபோது பசை ஒட்டிய மூலைகள் போய்விட்டன. இன்றும் அந்தப் படங்களில் பெரும்பாலானவை மூலை கிழிந்தே நிற்கின்றன. அருங்காட்சியகத்துக்கும் அவர் வாழ்ந்த சதுக்கத்துக்கும் இடையே நடந்து செல்லும் தூரம்தான்.

கோழிக் கூண்டும் தென்னங்கீற்றும்

அதே காலத்தில் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால், ஒயிட் தீவில் மற்றொரு பெண்மணி இருந்தார். ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் நம் கல்கத்தாவில் பிறந்தவர். 1863ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48! பேரன் பேத்தி எடுக்கும் வயதில் புதிய கலையைத் தொடங்கினார். கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கோழிக் கூண்டையே கண்ணாடி வேய்ந்த ஸ்டூடியோ ஆக்கினார். நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறையாயிற்று.

ஹாவார்டன் சீமாட்டி தைத்த ஆடைகளை நம்பினார் என்றால், கேமரன் அம்மையார் தைக்காத துணியை நம்பினார். சால்வை, போர்வை, திரைச்சீலை எது கையில் கிடைத்தாலும் போர்த்திவிடுவார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் தலையில் முக்காடிட்டு நின்றால் தேவ அன்னையாகிவிடுவார். ஒரு நாள் சமையலறையில் பாத்திரம் துலக்கியவர், மறுநாள் படத்தில் குழந்தையை ஏந்திய மரியன்னை. அண்டை வீட்டுக் குழந்தைகளின் தோளில் இறகு கட்டினால் தேவதூதர்கள். கதைகளுக்கு எங்கே போனார்? விவிலியம், இத்தாலிய ஓவியங்கள், அடுத்த வீட்டில் வாழ்ந்த கவிஞர் டென்னிசனின் காவியம். தெரிந்த கதைகளைத் தெரிந்த முகங்களில் கண்டார்.

படத்தில் உருவங்கள் தெளிவாக இல்லை, தகட்டில் கறையும் கீறலும் இருக்கின்றன என்று அக்காலப் புகைப்பட இதழ்கள் அவரைக் கண்டித்தன. அவர் பொருட்படுத்தவில்லை. உருவம் அழகாகத் தோன்றும் இடத்தில் லென்ஸை நிறுத்திவிடுவார். துல்லியம் வரும்வரை திருகமாட்டார். இன்று கனவுப் படம் எடுப்போர் வேண்டுமென்றே செய்யும் மங்கலுக்கு அவரே முன்னோடி.

இடையே ஒரு செய்தி. தெருவில் பிச்சை கேட்டு நின்ற ஓர் அயர்லாந்துச் சிறுமியைக் கேமரன் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். மேரி ரயன் என்பது அவள் பெயர். அவளும் படங்களில் அரசகுமாரியாகவும் கதைநாயகியாகவும் தோன்றினாள். கண்காட்சியில் அவளைக் கண்டு விரும்பிய ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் 1867இல் அவளை மணந்தார். இந்தியாவில் ஆட்சிப் பணி புரிந்த அந்தக் காட்டன்தான் 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸின் தலைவர்.

1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குச் சென்றது. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. 1877இல் அங்கு வந்த ஓவியர் மரியான் நார்த்தைப் படமெடுத்த கதை சுவையானது. கூந்தலை அவிழ்த்துவிட்டு, கம்பளித் துணியைப் போர்த்தி, நடுப்பகல் வெயிலில் தென்னங்கீற்று தலையில் குத்த நிறுத்திவைத்து, 96 டிகிரி வெப்பத்தில் "இயல்பாக இருங்கள்" என்றாராம். ஓவியரே இதைத் தம் நினைவு நூலில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

தோட்டத்தில் உழைத்தவர்களையும் கேமரன் படம் பிடித்தார். இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களுள் பலர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் என்பதை நாம் அறிவோம். படங்களில் அவர்கள் நேராக நம்மைப் பார்க்கின்றனர்; துணி மடிப்பும் கண்களும் ஓவியம்போல் அமைந்திருக்கின்றன. ஆனால் பெயர்கள் இல்லை. இங்கிலாந்தில் பணிப்பெண்ணின் பெயர்கூட எழுதிவைக்கப்பட்டது. இங்கே 'தலைப்பில்லாதது' என்ற குறிப்பே எஞ்சியிருக்கிறது. அழகிய படம் என்று நாம் போற்றும்போது இந்த வேறுபாட்டையும் கண் திறந்து பார்க்க வேண்டும். 1879இல் அவர் இலங்கையிலேயே காலமானார்; பொகவந்தலாவைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பொம்மைப் பாம்பும் உதிர்ந்த இலையும்

இருபதாம் நூற்றாண்டில் உடைப்படம் ஒரு தொழிலாயிற்று. 'வோக்' போன்ற இதழ்கள் பெருகின. தொழில் ஆனபோதும் சிறந்தவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கினார்கள். ஆங்கிலேயரான செசில் பீட்டன் சிறுவனாக இருக்கையில் அவருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டு ஆயா. அவர் முதலில் படமெடுத்தது தம் தங்கையர் நான்சியையும் பாபாவையும்தான். பளபளக்கும் தாளும் பூந்துணியும் பின்திரையாகும். பிற்காலத்தில் அரச குடும்பத்தையே படமெடுத்த அவர், அந்த வீட்டு விளையாட்டை இறுதிவரை விடவில்லை.

லண்டனில் 1914இல், தம் 21ஆம் வயதில், சொந்த ஸ்டூடியோ திறந்தவர் மேடம் யெவோண்ட். பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் பங்கு கொண்டவர். வண்ணப் புகைப்படத்தை மற்றவர்கள் மலிவான வித்தை என்று ஒதுக்கிய காலத்தில், விவெக்ஸ் என்னும் முறையில் அவர் வண்ணப் படங்கள் எடுத்தார். ஒரே காட்சியை மூன்று தகடுகளில் தனித்தனி நிறவடிகட்டி வழியாகப் பதிந்து, பின்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது அம்முறை. 1935இல் லண்டன் ஓட்டல் ஒன்றில் சீமாட்டிகள் கிரேக்கத் தெய்வங்களாக வேடமிட்டு விருந்து கொண்டாடினார்கள். அதிலிருந்து யெவோண்டுக்கு ஒரு எண்ணம் உதித்தது. பணக்காரப் பெண்களை வரவழைத்து ஒவ்வொருவரையும் ஒரு புராணப் பாத்திரமாகப் படமெடுத்தார். மெடூசாவின் தலையில் பொம்மைப் பாம்புகள். மினர்வாவுக்குப் பஞ்சடைத்த ஆந்தையும், ஈட்டிக்குப் பதிலாகக் கைத்துப்பாக்கியும்! பழைய கதையில் இக்காலப் பொருளொன்றைத் துணிந்து நுழைத்ததில்தான் அந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வேளையில் விவெக்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. அவரோ 1975இல் மறையும்வரை கேமராவைக் கீழே வைக்கவில்லை.

பிரான்சு நாட்டின் சாரா மூன் 1941இல் பிறந்தவர். 1960களில் உடைகளுக்கு மாடலாக நின்றவர். 1970 வாக்கில் கேமராவின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டார். தன்மீது துணி மாட்டப்படும்போது ஒரு பெண் எப்படி உணர்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, அவர் படங்களில் பெண்கள் நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதே இல்லை. போலராய்டு படத்தின் ஓரங்களில் விழும் கறைகளையும் கீறல்களையும் அவர் நீக்காமல் வைத்துக்கொள்வார். 1983இல் 'சிவப்புத் தொப்பிச் சிறுமி' கதையைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கி ஒரு நூல் வெளியிட்டார். காடு இல்லை; இரவு நேரத்து நகரத் தெரு. சிறுமியைத் தொடர்வது ஒரு கறுப்புக் கார். அதன் முன்விளக்குகள் ஓநாயின் கண்களாக எரிகின்றன. மறு ஆண்டு பொலோஞா நகரத்துக் குழந்தை நூல் கண்காட்சியில் அந்நூல் பரிசு பெற்றது. படுக்கும் முன் பார்க்கத் தகுந்த நூல் அன்று. ஆனால் அந்தக் கதை முதலில் எதை எச்சரிக்கச் சொல்லப்பட்டதோ அதை அவர் படங்கள் நமக்கு நினைவூட்டிவிடுகின்றன.

அமெரிக்கரான டெபோரா டர்பவில் இன்னொரு வழி சென்றார். படத்தை எடுத்து முடித்த பிறகும் அவர் வேலை முடியாது. அச்சிட்ட தாளைக் கிழிப்பார், கீறுவார், குண்டூசியால் குத்தி ஒட்டுவார். நேற்று எடுத்த படம் நூறாண்டு பழையதாகத் தோன்றும். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் பொதுமக்கள் நுழையாத அறைகளை அவர் படமெடுத்து 1981இல் நூலாக வெளியிட்டார். அந்த அறைகளில் அவர் செய்த அலங்காரம் உலர்ந்த இலைகளைத் தரையில் தூவியதே. தங்கத் தூண்களுக்கு நடுவே காய்ந்த இலை கிடந்தால், அரசர்கள் போய்விட்டார்கள் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

நம் காலத்தவர் டிம் வாக்கர். 1970இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளைஞராக இருக்கையில் 'வோக்' இதழை வெளியிடும் நிறுவனத்தின் நூலகத்தில், மேலே சொன்ன பீட்டனின் பழைய படங்களை அடுக்கி ஒழுங்குபடுத்தும் வேலை பார்த்தார். அடுக்கும்போது பார்த்தார், பார்த்துப் பார்த்துக் கற்றார். இன்று அவர் எடுக்கும் படங்களில் வீட்டளவு பெரிய பொம்மைகளும் அறைக்குள் நிற்கும் விமானமும் வரும். கணினியில் ஒட்டிச் சேர்க்காமல், பெரும்பாலும் தச்சரையும் தையற்காரரையும் கொண்டு உண்மையாகவே செய்துவிடுவார்.

அவர் 2019இல் செய்தது நம் பாடத்துக்கு நேரான விடை. ஹாவார்டன் சீமாட்டியின் கிழிந்த மூலைப் படங்கள் இருக்கும் அதே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவரை அழைத்தது. கேமரனுக்கு 1868இல் ஸ்டூடியோவாக இரண்டு அறைகள் கொடுத்ததும் இதே நிறுவனம்தான். வாக்கர் அங்குள்ள காட்சிக் கூடங்களிலும் கிடங்குகளிலும் பலமுறை சுற்றினார். பழுது பார்ப்போரையும் காப்பாளரையும் கேள்வி கேட்டார். தம்மைத் தடுத்து நிறுத்திய பொருள்களைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து பத்துப் புதிய படத்தொடர்களை உருவாக்கினார். வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஒரு மூக்குப்பொடி டப்பா, பேயோ நகரத்துச் சித்திரத் துணியின் 65 மீட்டர் நீளமுள்ள பழைய புகைப்படம், கிருஷ்ணனும் இந்திரனும் தோன்றும் முகலாயர் கால ஓவியம் ஆகியவை அவற்றுள் சில. மூக்குப்பொடி டப்பாவிலிருந்து உடைப்படம்! விலை உயர்ந்த பொருள்களையெல்லாம் விட்டு, மனத்தைப் பிடித்து இழுத்ததையே அவர் எடுத்துக்கொண்டார்.

இனி நம் மாணவியர் செய்யக்கூடியது

கேமரா இருக்கும் கைப்பேசி இன்று பல வீடுகளில் உண்டு. ஆகவே கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கருவியை எடுக்குமுன் ஒரு வாரம் எதையும் எடுக்காமல் பார்க்கச் சொல்வேன். உங்கள் வீட்டில் காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் தரையில் வருகிறது? ஹாவார்டன் சீமாட்டி இதை அறிந்திருந்தார். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். விழித்ததும் நினைவிலிருக்கும் கனவையும் இரண்டு வரியில் எழுதுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பாதகமில்லை.

பிறகு ஆடை. புதியது வேண்டாம். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டை மணக்கும் சேலை ஒன்று இருக்கும். அதன் கதையைப் பாட்டியிடமே கேளுங்கள். எந்தக் கலியாணத்துக்கு வாங்கியது, யார் வாங்கிக் கொடுத்தார், ஏன் அதன்பின் உடுத்தவில்லை? இப்போது உங்களிடம் ஆடையும் கதையும் சேர்ந்தே வந்துவிட்டன. கைப்பேசியில் நிறத்தை நீக்கிப் பார்த்தால், மடிப்பும் நிழலும் மட்டும் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும். படத்தில் ஒரே ஒரு பொருள் அந்தக் கதைக்குப் பொருந்தாததாக இருக்கட்டும். யெவோண்டின் கைத்துப்பாக்கியைப் போல, டர்பவிலின் உலர்ந்த இலையைப் போல.

பெற்றோர் சிலர் கவலைப்படலாம். அலங்காரம், கண்ணாடி, படம் என்று பெண் பிள்ளைகளின் மனம் அலைந்துவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாள் முழுதும் தன் முகத்தையே தான் எடுத்துப் பார்த்துக்கொண்டு, அடுத்தவர் பாராட்டுக்குக் காத்திருக்கும் பழக்கம் நல்லதன்று என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இங்கே சொல்லும் வேலை அதற்கு எதிர்த்திசையில் போகிறது. தங்கையை அரசியாக நிறுத்த வேண்டுமானால் தங்கையை உற்றுப் பார்க்க வேண்டும். அவள் எப்போது தலை குனிகிறாள், எப்போது தன்னை மறந்து நிற்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய சம்மதமும் வேண்டும். "இப்படி நில்" என்பதற்கு முன் "உனக்கு இதில் யாராக இருக்க ஆசை?" என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்கள் எண்ணத்தைவிடச் சிறந்ததாக இருக்கக்கூடும். வேண்டாம் என்றால் வேறொரு நாள். எடுத்த படத்தை அவளுக்குக் காட்டாமல் வேறெவருக்கும் அனுப்பக் கூடாது.

பத்துப் படம் எடுத்தால் ஒன்பதை அழித்துவிடலாம். எஞ்சும் ஒன்றை மட்டும் கடையில் கொடுத்துக் காகிதத்தில் அச்சிடுங்கள். ஆல்பத்தில் பசை கொண்டு ஒட்டாதீர்கள். மூலைகளைச் செருகி வையுங்கள். ஒட்டுமுன், படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் நிற்பவளின் பெயர், தேதி, எந்த ஊர், சேலை யாருடையது என்பனவற்றை எழுதிவிடுங்கள்.